நட்சத்திர முக்கோணம் முதல் இந்திய வரைபடம் வரை: வேண்டுமென்றே குழப்பி எழுதும் சி நிரல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கும் முன் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தில் கீவேர்டு, ஃபங்ஷன் பெயர், கம்பைலர் ஆப்ஷன் எல்லாம் ஒலிப்படி தமிழில் இருக்கின்றன: இன்ட், ஃபார், புட்சார், மெயின், ரிட்டர்ன். எடிட்டரில் அடிக்கும்போது அவற்றை அவற்றின் ஆங்கில வடிவில் அடித்துக்கொள்ளுங்கள். எண், குறி, மேற்கோளுக்குள் இருக்கும் நட்சத்திரம் எதையும் மாற்ற வேண்டாம். அ, ஆ, இ என்ற மாறிப் பெயர்களையும் அப்படியே விடலாம். ஜிசிசி என்ற சி கம்பைலர் 10-ஆம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்தை நேரடியாக மாறிப் பெயராக ஏற்கிறது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் அதற்கும் முன்பே ஏற்றது.

குழப்ப நிரல் என்றால் மாறிப் பெயரைக் கன்னாபின்னாவென்று வைப்பதுதானா?

இல்லை. பெயரை மாற்றுவதும், இடைவெளியை எல்லாம் தின்றுவிட்டு ஒரே வரியில் திணிப்பதும் ஒரு ஃபார்மேட்டர் ஓட்டினால் பத்து வினாடியில் கலைந்துவிடும். மேக்ரோவும் (ஒரு பெயருக்குப் பதில் வேறு நிரல் துண்டை ஒட்டச் சொல்வது) அப்படித்தான். ஜிசிசி-க்கு -ஈ ஆப்ஷன் கொடுத்தால் மேக்ரோ எல்லாம் விரிந்து வெளியே வந்துவிடும். எழுத்தை மறைப்பது சுலபம், யோசனையை மறைப்பதுதான் வேலை. அழகாக இன்டென்ட் செய்து, பெயர்களைத் திருத்தி வைத்த பிறகும் "இது எப்படி அந்தப் படத்தை வரைகிறது?" என்று ஒருவர் பேப்பரும் பேனாவும் எடுக்க வேண்டியிருந்தால் அதுதான் நல்ல குழப்ப நிரல்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1984-இல் லேண்டன் கர்ட் நோல், லாரி பேசெல் இருவரும் தொடங்கிய சர்வதேசக் குழப்ப சி நிரல் போட்டிதான் இதற்குத் தாய்வீடு. யுனிக்ஸின் போர்ன் ஷெல் மூலநிரலைப் படித்த எரிச்சல் அதற்கு ஒரு காரணம். சி-யை அல்கால் மொழி போல் தோன்றவைக்க மேக்ரோவாக அடுக்கி எழுதப்பட்ட நிரல் அது.

முதல் ஆண்டிலேயே "ஹலோ வேர்ல்டு" அச்சிடும் பெயரில்லா நிரல் ஒன்று வந்தது. அதில் பூஜ்யம் வேண்டிய இடத்தில் '-'-'-' என்றும், ஒன்று வேண்டிய இடத்தில் '/'/'/' என்றும் இருக்கும். கழித்தல் குறியின் ஆஸ்கி எண்ணிலிருந்து (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்) அதையே கழித்தால் 0, சாய்கோட்டை அதனாலேயே வகுத்தால் 1. அதே நிரலில் ஒரு ஸ்ட்ரிங்குக்குள் சி நிரல் போலவே தோன்றும் 14 எழுத்துகள் உண்டு. அவற்றுக்கு ஒரே வேலைதான்: 14 வரை எண்ணுவது. அச்சாகும் வாசகமும் புதுவரியோடு சேர்த்து 14 எழுத்து. படிப்பவரின் கண் அந்தப் போலி நிரலைப் பிரித்துப் பார்ப்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தொடங்குவதற்கு ஒரு சின்ன நிரலைப் படிப்படியாகக் காட்ட முடியுமா?

எட்டு வரி நட்சத்திர முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் பிட் அளவில் & செய்து, விடை 0 என்றால் நட்சத்திரம், இல்லையென்றால் வெற்றிடம். வெளிவருவது செர்பின்ஸ்கி முக்கோணம்:

```

********
* * * * 
**  **  
*   *   
****    
* *     
**      
*       
```

முதலில் நேர்மையான வடிவம். இரண்டு லூப் எழுதாமல், ஒவ்வொரு வரிக்கும் 8 எழுத்தும் 1 புதுவரியும் சேர்த்து 9 என்று வைத்து, 8×9=72 வரை ஒரே லூப் (புட்சார் ஒரு எழுத்தை அச்சிடும்; 32 வெற்றிடம், 42 நட்சத்திரம், 10 புதுவரி):

```
ஃபார்(அ=0; அ<72; அ++)
  புட்சார்(அ%9<8 ? அ/9&அ%9 ? 32 : 42 : 10);
```

இரண்டாவது படி: கேள்விக்குறிகளை ஒழித்துவிட்டு, மூன்று எழுத்துள்ள ஒரு ஸ்ட்ரிங்கிலிருந்து எடுப்பது. "* \12" என்பதில் 0-ஆம் இடம் நட்சத்திரம், 1 வெற்றிடம், 2 புதுவரி. எந்த இடம் என்பதற்கு அ%9/8*2+!!(அ/9&அ%9). நெடுவரிசை 8 வந்தால் முதல் பாதி 2 தரும். அப்போது வரிசை எண் 7-ஐத் தாண்டாததால் 8-உடன் & செய்தால் 0-தான். இரண்டு பாதியும் ஒன்றையொன்று மிதிக்காது.

மூன்றாவது படி: அரேயையும் இன்டெக்ஸையும் இடம் மாற்றுவது. சி மொழியில் ச[5] என்றாலும் 5[ச] என்றாலும் ஒன்றே, இரண்டும் *(ச+5) ஆகத்தான் மாறும். நான்காவது படி: லூப்பைத் தூக்கிவிட்டு மெயினே மெயினை அழைக்க விடுவது. கட்டளை வரியில் எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் மெயினின் முதல் பாராமீட்டர் 1. அதையே எண்ணியாக வைத்துக்கொள்ளலாம்:

```
இன்ட் மெயின்(இன்ட் அ)
{
  புட்சார்((~-அ%9/8*2+!!(~-அ/9&~-அ%9))["* \12"]);
  ரிட்டர்ன் அ<72&&மெயின்(-~அ);
}
```

~-அ என்றால் அ-1, -~அ என்றால் அ+1. இது வெறும் அலங்காரம் இல்லை. அ-1%9 என்று எழுதினால் 1%9 முதலில் கணக்காகிவிடும், அடைப்பு தேவைப்படும். ~ும் -ும் ஒற்றை உறுப்புக் குறிகள் என்பதால் %-ஐ விட இறுக்கமாகப் பிடிக்கும், அடைப்பே வேண்டாம். கடைசி அழைப்பு 0 திருப்புவதால் && வழியாக அந்த 0 மேலே வரை வந்து, நிரலும் ஒழுங்காக 0-உடன் முடியும்.

அளவை மாற்றினால் வரிகள் ஒட்டிக்கொள்கின்றன. ஏன்?

இரண்டின் அடுக்காக இல்லாத அளவை வைத்திருப்பீர்கள். 16 வரிக்கு 9-ஐ 17 ஆக்கி, 8-ஐ 16 ஆக்கி, 72-ஐ 272 ஆக்கினால் சரியாக வரும். 10 வரி வைத்தால், புதுவரி வரவேண்டிய 10-ஆம் நெடுவரிசையில் 2, 3, 6, 7, 8, 9 ஆகிய வரிசை எண்களுக்கு & விடை 0 ஆகாது. இன்டெக்ஸ் 3 ஆகிவிடும். ஸ்ட்ரிங்கின் 3-ஆம் இடத்தில் இருப்பது முடிவைக் குறிக்கும் 0 பைட். அது அச்சாகும், டெர்மினலில் தெரியாது, வரியும் உடையாது. ஃபைலுக்குத் திருப்பி எண்களாகப் பார்த்தால் அந்த 0 பைட்டுகள் பளிச்சென்று தெரியும்.

முதல் வரியில் மட்டும் ஒரு நட்சத்திரம் குறைகிறதே?

நிரலை ஏதாவது ஆர்க்யுமென்டோடு ஓட்டியிருக்கிறீர்கள். ஒரு சொல் கொடுத்தாலே அ 2-இலிருந்து தொடங்கும், முதல் எழுத்து விழாது, மற்ற வரிகள் எல்லாம் சரியாக இருக்கும். சில ஐடிஇ-கள் தாமாகவே ஆர்க்யுமென்ட் சேர்க்கும், அங்கேயும் பாருங்கள்.

இந்திய வரைபடம் அச்சிடும் அந்தப் பிரபலமான நிரல் எப்படி வேலை செய்கிறது?

இந்தியக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் நிரல் அது. எலும்புக்கூடு இவ்வளவுதான்:

```
ஃபார்(ஆ=இ=10; அ="…நீண்ட ஸ்ட்ரிங்…"[ஆ+++21]; )
  ஃபார்(; அ-->64; )
    புட்சார்(++இ==90 ? இ=இ/9 : 33^ஆ&1);
```

இதில் படம் புள்ளிப் புள்ளியாக இல்லை. "இத்தனை வெற்றிடம், இத்தனை ஆச்சரியக்குறி, இத்தனை வெற்றிடம்" என்று நீளங்களாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு நீளம்: ஆஸ்கி எண்ணிலிருந்து 64-ஐக் கழித்தால் கிடைப்பது.

ஆ+++21 என்பதைக் கம்பைலர் ஆ++ + 21 என்று படிக்கும். ஆ 10-இல் தொடங்குவதால் முதலில் எடுக்கப்படுவது 31-ஆம் இடம். அதற்கு முன்னால் வாழ்த்துச் சொல்லோடு இருக்கும் 31 எழுத்துகள், 0 முதல் 30 வரை, யாரும் தொடாத கண்கட்டு. எழுத்தை எடுத்தவுடன் ஆ 11 ஆகிவிடும். ^-ஐ விட & முந்தும் என்பதால் 33^ஆ&1 என்பது 33^(ஆ&1). ஆ ஒற்றைப்படை என்றால் 32, அதாவது வெற்றிடம். இரட்டைப்படை என்றால் 33, அதாவது ஆச்சரியக்குறி. ஒவ்வொரு எழுத்துக்கும் நிறம் (வெற்றிடமா, ஆச்சரியக்குறியா என்பது) தானாகப் புரண்டுகொள்ளும்.

புதுவரிக்குத் தனிக் குறியீடு கிடையாது. இ 10-இல் தொடங்கி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்று கூடி, 90-ஐத் தொட்டதும் 90/9=10 ஆகிறது. புதுவரியின் ஆஸ்கி எண்ணும் 10, எண்ணி திரும்பப் போக வேண்டிய தொடக்க மதிப்பும் 10. ஒரே கணக்கில் இரண்டு வேலை. மொத்த நிரலிலும் கெட்டிக்காரத்தனமான இடம் இதுதான் என்பேன். ஆக ஒரு வரி 79 எழுத்தும் ஒரு புதுவரியும்.

இப்போது படத்தின் தலைப்பகுதியைப் படித்துப் பாருங்கள். 31-ஆம் இடத்திலிருந்து வரும் எண்கள் 84, 70, 121, 33, 81, 74. அதாவது 20 வெற்றிடம், 6 ஆச்சரியக்குறி (வடக்கு முனை), 57 வெற்றிடம். 20+6+57=83, 80-இல் வரி உடைந்து 3 வெற்றிடம் அடுத்த வரிக்குப் போகும். பிறகு 33: இது 64-ஐத் தாண்டாததால் எதுவும் அச்சாகாது, நிறம் மட்டும் புரளும். அடுத்த 17 வெற்றிடமும் முந்தைய 3-உம் சேர்ந்து 20. பிறகு 10 ஆச்சரியக்குறி.

அந்த அச்சாகாத எழுத்துகள் எதற்கு?

அச்சாகும் ஆஸ்கி எழுத்துகளில் பெரியது 126, எனவே ஒரே எழுத்தில் சொல்லக்கூடிய அதிகபட்ச நீளம் 62. அதற்கு மேல் வெற்றிடம் வேண்டுமென்றால் இரண்டாக உடைத்து, நடுவே நிறத்தை மீட்க நீளம் 0 உள்ள ஒரு எழுத்தைச் செருக வேண்டும். வெற்றிடம், 0, #, -, (, ), + எல்லாம் அந்தப் பூஜ்யம்தான். வேறு வேறு குறி போட்டிருப்பது நம்மைச் சுற்றவிட.

தீபகற்பப் பகுதியில் இது அழகாகத் தெரியும். நிலத்தின் அகலம் 30, 28, 26, 25, 24, 20, 19 என்று குறைகிறது, கடலின் வெற்றிடம் ஏறிக்கொண்டே போகிறது. 62-ஐ எட்டும் வரை பூஜ்யக் குறியே இல்லை. எட்டிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒன்று. கடைசி வரிகளில் அகலம் 12, 12, 12, 8, 6, 4. அந்த நாலு ஆச்சரியக்குறிதான் கன்னியாகுமரி.

காப்பி செய்து ஓட்டினால் பாதிக்குக் கீழே நிலமும் கடலும் இடம் மாறிவிடுகின்றன!

காரணம் இரண்டில் ஒன்று. ஸ்ட்ரிங் வரிமுடிவில் \ போட்டு அடுத்த வரிக்குத் தொடர்கிறது. அந்த அடுத்த வரியை எடிட்டர் உள்ளே தள்ளிவிட்டால் தள்ளிய இடைவெளியும் ஸ்ட்ரிங்கில் சேர்ந்துவிடும். நாலு வெற்றிடம் என்றால் நாலு முறை நிறம் புரண்டு பழையபடியே வரும், படம் கெடாது. ஒரு டேப் என்றால் ஒரே முறை புரளும், அங்கிருந்து எல்லாம் தலைகீழ். "என் நண்பனிடம் ஓடுகிறது, என்னிடம் ஓடவில்லை" என்பதற்கு முக்கால்வாசி இதுதான் விளக்கம். தொடரும் வரிகள் முதல் நெடுவரிசையிலேயே தொடங்க வேண்டும்.

இன்னொன்று: 28 நீளத்துக்கான எழுத்து \ தான், ஆஸ்கி 92. ஸ்ட்ரிங்குக்குள் அதை \\ என்று இரட்டையாக எழுத வேண்டும். இணையத்தில் ஒட்டும்போது ஒன்று காணாமல் போனால், மிச்சமிருக்கும் \ அடுத்துள்ள எழுத்தோடு சேர்ந்து டேப் ஆகிவிடும். 28-உம் 52-உம், அதாவது சரியாக ஒரு வரி, மறைந்துவிடும். இரண்டு எழுத்து ஒன்றானதால் நிறமும் புரளும்.

வளைந்த மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வந்தால் கம்பைலர் உடனே கத்திவிடும், அதனால் அது பெரிய ஆபத்து இல்லை.

என் சொந்தப் படத்தை இப்படி மாற்ற என்ன செய்ய வேண்டும்?

இரண்டே எழுத்தில், எல்லா வரியும் ஒரே அகலத்தில் படத்தை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரையுங்கள். வலப்பக்கம் வெற்றிடம் நிரப்ப மறக்காதீர்கள், எடிட்டர்கள் அதை வெட்டிவிடும். வரிகளைக் கோத்து, புதுவரியையும் வெற்றிடமாகவே எண்ணி நீளங்களை எழுதிக்கொள்ளுங்கள். வலக் கடைசியில் நிலம் இருந்தால் நிலத்தின் நீளத்திலேயே புதுவரியும் சேரும், அது பரவாயில்லை. 62-ஐத் தாண்டினால் உடையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 64 கூட்டி எழுத்தாக்குங்கள். கையால் செய்தால் தப்பு வராமல் இருக்காது, இதற்கென்று இருபது வரியில் ஒரு துணை நிரல் எழுதிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அகலத்தை மாற்ற 90-ஐயும் 9-ஐயும் சேர்த்து மாற்றுங்கள்: 70, 7 என்றால் புதுவரியோடு 60, 50, 5 என்றால் 40. முழு எண் வகுத்தலில் 10 வரவேண்டும், அவ்வளவுதான். 98/9-உம் 10 தான்.

எண்களை மட்டும் வைத்து எழுத்து வடிவம் அச்சிட முடியுமா?

முடியும், இதற்கு எண்மக் குறியீடு (முன்னால் 0 போட்டு எழுதும் எட்டடி எண் முறை) வசதி. 3 அகலம், 5 உயரம் உள்ள எழுத்து 15 பிட். ஒரு எண்ம இலக்கம் சரியாக 3 பிட், எனவே ஒரு இலக்கம் ஒரு வரிசை. 075557 என்றால் 111, 101, 101, 101, 111: பூஜ்யத்தின் வடிவம். 026227 ஒன்று, 055711 நான்கு, 071111 ஏழு. இன்னும் மறைக்க வேண்டுமென்றால் 075557-ஐப் பதின்மத்தில் 31599 என்று எழுதிவிடுங்கள், வடிவம் கண்ணிலிருந்து போய்விடும். இது 32767-க்குள் அடங்குவதால், கல்லூரி லேப்களில் இன்னும் உயிரோடிருக்கும் டர்போ சி-யின் 16 பிட் இன்ட்டிலும் நிற்கும். (அங்கே மாறிப் பெயர் மட்டும் தமிழில் எடுபடாது.) முன்னால் இருக்கும் 0-ஐ மறந்தால் 75557 வேறு எண், கம்பைலர் எதுவும் சொல்லாது.

பழைய நிரல்கள் புதிய கம்பைலரில் எர்ரர் காட்டுகின்றன.

இன்ட் என்று எழுதாமலே மெயினைத் தொடங்குவதும், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதும் சி99-இலேயே நீக்கப்பட்டவை. ஜிசிசி 14-உம் கிளாங் 16-உம் அவற்றை இயல்பாகவே எர்ரர் ஆக்கிவிட்டன. -எஸ்டிடி=ஜிஎன்யு89 கொடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். ஸ்ட்ரிங் மாறிலிக்குள் எழுதிப் பார்க்கும் நிரல்கள் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் சாகும். அதை அனுமதித்த ஆப்ஷன் ஜிசிசி 4.0-இலேயே போய்விட்டது, எனவே ஸ்ட்ரிங்கை சார் அரேயாக மாற்றுவதே வழி. மூன்றெழுத்துக் குறிகளான ட்ரைகிராஃப் சி23-இல் நீக்கப்பட்டுவிட்டன. <: :> <% %> போன்ற இரண்டெழுத்துக் குறிகள் இன்னும் செல்லும்.

சில நேரம் எர்ரரே வராது, விடை மட்டும் மாறும். பிரையன் வெஸ்ட்லியின் 1988 நிரல் வட்ட வடிவில் எழுதப்பட்டு, தன் பரப்பளவை வைத்தே பை மதிப்பைக் கணக்கிட்டு 3.141 என்று அச்சிடும். பழைய ப்ரீபிராசஸர் (கம்பைல் ஆகும் முன் மேக்ரோவை விரிக்கும் பகுதி) மேக்ரோவை வெறும் எழுத்தாக ஒட்டியதால், பக்கத்துப் பக்கத்து இரண்டு - சேர்ந்து -- ஆனது. புதிய ப்ரீபிராசஸர் அவற்றைத் தனித்தனி - ஆகவே வைத்திருக்கும், விடை 0.250 ஆகிவிடும். -ட்ரெடிஷனல்-சிபிபி ஆப்ஷன் இதற்காகத்தான்.

அ++ + ++அ மாதிரி எழுதினால் குழப்பம் கூடுமே?

குழப்பம் கூடும், நிரல் செத்துவிடும். ஒரே மாறியை ஒரே கோவையில் எது முதலில் என்ற உறுதி இல்லாமல் இரண்டு முறை மாற்றினால் விடைக்கு மொழியே பொறுப்பேற்காது. கேம்பஸ் இன்டர்வியூ வினாத்தாள்களில் இதற்கு ஒரு "சரியான விடை" போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம். ஃபங்ஷன் ஆர்க்யுமென்ட்களின் வரிசையும் அப்படியே, எது முதலில் என்பது கம்பைலரின் இஷ்டம். &&, ||, கமா, ?: இந்த நாலுக்கும் வரிசை உறுதி. குழப்பத்தை அவற்றின் மேல் கட்டுங்கள். ?: கடைசிக் கிளையில் ஒதுக்கீடு எழுதினால் மட்டும் அடைப்பு கட்டாயம், நடுக்கிளையில் தேவையில்லை. முடித்ததும் ஜிசிசி, கிளாங் இரண்டிலும், -ஓ0, -ஓ2 (வேக மேம்பாடு இல்லாமலும், மேம்பாட்டோடும்) இரண்டிலும் ஓட்டி விடையை ஒப்பிடுங்கள்.

நட்சத்திரத்துக்குப் பதில் தமிழ் எழுத்து அச்சிடலாமா?

யூடிஎஃப்-8-இல் அ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட். புட்சார் ஒரு பைட்தான் அனுப்பும். மூன்று மூன்றாக நகருங்கள்:

```
பிரின்ட்எஃப்("%.3எஸ்", "அஆஇ"+3*உ);
```

இது உயிரெழுத்துக்கும் க, ச போன்ற அகர உயிர்மெய்க்கும் சரி. கி, க் போன்றவை இரண்டு குறியெண், 6 பைட், கணக்கு உதைக்கும். எக்ஸ்86-இல் சார் குறியுள்ளது என்பதால் 224 என்பது -32 ஆகிவிடும், "64-ஐக் கழி" வித்தை இங்கே எடுபடாது. இன்னொரு தொல்லை அகலம்: டெர்மினலில் தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் நிற்பதில்லை, முக்கோணத்தின் ஓரம் கோணும். கோடு நேராக வேண்டுமென்றால் நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேறொருவர் எழுதியதை ஓட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

-ஈ கொடுத்து மேக்ரோவை விரியுங்கள். ஹெடர் வரிகளை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நூற்றுக்கணக்கான வரி வந்து கொட்டும். பிறகு ஃபார்மேட்டர். பிறகு சிஸ்டம், எக்ஸெக் வகை அழைப்புகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். மெயின் ஒரு ஃபங்ஷனாக இல்லாமல் எண்களின் அரேயாக இருந்தால் அது நேரடி மெஷின் கோடு: 1984-இல் முல்லெண்டரும் வான் ரெனெஸ்ஸும் பிடிபி-11, வாக்ஸ் இரண்டிலும் ஓடும்படி அப்படித்தான் எழுதி வென்றார்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ள டிஸ்அசெம்ப்ளர் வேண்டும். அது கையில் இல்லாத நாளில் தனி விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுங்கள், உங்கள் ப்ராஜெக்ட் இருக்கும் லேப்டாப்பில் வேண்டாம்.